படகில் நாலு பேர்

ரப்பர் ஃபேக்டரியில் கட்டிப்பாலை லோரியிலிருந்து கொட்டும்போது முதலில் வந்து சேர்வது நாற்றம்தான். அழுகிய முட்டையும் சாக்கடையும் சேர்ந்த அந்த வாடை பாடாங் செராய் சாலை முனை வரைக்கும் போகும். புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். காளிதாசனுக்கு அதெல்லாம் உறைப்பதில்லை. இரும்புக் கொக்கியால் கட்டிகளைக் குத்தி இழுத்து பெல்ட்டில் போட்டுக்கொண்டிருந்தான். கட்டிகள் தண்ணீர் ஓடும் உருளைகளுக்கு நடுவே போய் நசுங்கி, முரட்டுத் துணி மாதிரி வெளியே வந்தன. இரண்டாம் உருளையில் நடராஜா கம்போடு நின்றார். கீழே அய்யாவு குழாய்த் தண்ணீரை அடித்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். முதல் உருளையில், புவனேசன் நின்ற இடத்தில், கான்ட்ராக்ட்டில் வந்த நேப்பாளத்து ஆள் ஒருவர் நின்றார். அவர் தலைக்கு மேலே புத்தம் புதிய சிவப்புக் கயிறு.

அந்தக் கயிற்றை இழுத்தால் உருளை நின்றுவிடும். ஆபத்துக்கென்று வைத்தது. புவனேசனின் இடது கை உருளைக்குள் போன அன்று அது அங்கே இல்லை. அறுந்து வாரக்கணக்காகி, மிச்சத் துண்டு ஆடாமலிருக்க ராஃபியா நூலால் தூணோடு கட்டியிருந்தது. லோரி காத்திருக்கிறது, மிஷினை நிறுத்தாமலே அடைப்பை எடு என்று மேலிருந்து சத்தம் வந்தது. எடுக்கப் போனவன் அலறினான். நடராஜா மெயின் சுவிட்சுக்கு ஓடிச் சேர்வதற்குள் நாலு விரல் போயிற்று. கட்டை விரல் மட்டும் மிச்சம். ஆஸ்பத்திரியில் அவனுக்கு மயக்கம் தெளிவதற்கு முன்பே புதுக் கயிறு வந்து தொங்கியது. கயிறு எப்போதும் அங்கேதான் இருந்தது, அவன் சொல்லாத வேலையைச் செய்தான், தப்பு அவனுடையது என்று ஆபீஸ் சொன்னது.

அடுத்த வாரம் தொழிலாளர் இலாகாவில் விசாரணை. தப்பு புவனேசனுடையது என்று முடிவானால் வேலையும் போகும், கம்பெனி வீடும் போகும். பார்த்தவர்கள் காளிதாசன், நடராஜா, அய்யாவு மூன்று பேர். மூன்று பேரும் ஒன்றாகப் போய்க் கயிறு இல்லை என்று சொன்னால்தான் பேச்சு நிற்கும். ஒருத்தன் மட்டும் போனால் அவனையும் பொய்யன் ஆக்கிவிடுவார்கள். காளிதாசன் போகத் தயாராக இருந்தான். புவனேசனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே அவன்தான். அந்த நினைப்பு சாப்பிடும்போதுகூட அவனை விட்டதில்லை. மற்ற இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை.

பேச இடமும் கிடையாது. ஃபேக்டரியில் மூலைக்கு மூலை கேமரா. கம்பெனி வீட்டு வரிசையிலோ இங்கே தும்மினால் நாலாவது வீட்டில் ‘ஆயுசு நூறு’ என்பார்கள். யோசித்து யோசித்துக் காளிதாசன் கண்டுபிடித்த இடம் பெடு ஏரி. நடு ஏரியில் படகில் உட்கார்ந்துவிட்டால் ஒட்டுக் கேட்க ஆள் இல்லை. அதைவிட முக்கியம், யாரும் எழுந்து நழுவ முடியாது. நழுவுவதில் நடராஜா கெட்டிக்காரர். பேச்சு கயிற்றுப் பக்கம் திரும்பினாலே அவருக்கு ஒண்ணுக்கு வந்துவிடும்.

நாகூர் மீரான் டீக்கடையில் வைத்துத்தான் நடராஜாவிடம் சொன்னான்.

“பெடுவா? சீக் தாண்டி, நாமி தாண்டி... அம்மாடி, எவ்ளோ தூரம்லா! மீன் பிடிக்க இங்க மெர்போக் ஆறு இல்லையா? பாடாங் மேஹாவில குட்டை இல்லையா?”

“பெரிய தண்ணியா இருக்கணும்ணே.”

நடராஜா தே தாரேக்கை ஆற்றியபடி அவனைப் பார்த்தார். புரிந்துவிட்டது. எழுந்திருக்கப் போனார். காளிதாசன் அவர் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தான்.

“சும்மா வாங்கண்ணே. மீன் பிடிப்போம், சோறு திம்போம். வேற பேச்சு வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்.”

“புவனேசும் வர்றானா?”

“அவன் இல்லாமயா?”

நடராஜா டீயைக் குடித்தார். அவருடைய மகளுக்குத் தை மாதம் கல்யாணம். கம்பெனி வீட்டு வாசலில்தான் பந்தல் போட வேண்டும். அது காளிதாசனுக்கும் தெரியும்.

கல்லாவிலிருந்து நாகூர் மீரான் எட்டிப் பார்த்தார். மீன் என்ற சொல் காதில் விழுந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது.

“பெடுவுக்கா போறீங்க? எனக்குத் தெரிஞ்ச படகுக்காரர் இருக்கார், அமிருல்னு. நல்ல மனுசர். ஆனா நாலு பேர்தான் ஏத்துவார், அவர் கிட்ட லைஃப் ஜாக்கெட் நாலுதான். தோமானுக்கு உசுருத் தவளை கொண்டு போங்க. மண்புழுவுக்கெல்லாம் அது திரும்பிக்கூடப் பாக்காது.”

“சரி பாய். எங்க மண்டோர் காதுக்கு மட்டும் போயிடக் கூடாது.”

“நான் ஏன்ப்பா சொல்றேன்? அவர் வந்தா நீங்க எங்க மீன் பிடிக்கிறது, அவர்ல்ல பிடிப்பார்!” என்று சிரித்தார்.

மண்டோர் என்றது சத்தியசீலனை. சட்டையில் சூப்பர்வைசர் என்று குத்தியிருக்கும். வாயில் எல்லாருக்கும் மண்டோர்தான். அவருக்கு மீன் பிடிப்பது பித்து. தோமானுக்காக அணைக்கட்டு அணைக்கட்டாகச் சுற்றுகிறவர். விரால் சாதியில் அதுதான் ராட்சசன். அவர் வீட்டு வரவேற்பறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் பிடித்த தோமான் படம்தான் தொங்கியது.

நாள் குறிப்பதில் சிரமம் இருக்கவில்லை. மலேசியா தினத்துக்கு மறுநாள் புரட்டாசி பிறக்கிறது. ஒரு மாதத்துக்கு வீட்டில் மீன் என்ற பேச்சே கிடையாது. அதற்கு முதல் நாள் கடைசியாக ஒரு பிடி பிடிக்கலாம் என்று நாலு பேர் கிளம்பினால் லைன் வீடுகளில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பொது விடுமுறைதான், ஆனாலும் அன்றைக்கு மிஷின் ஓடுகிறது, லீவு கேட்க வேண்டும். மூன்று பேரும் ஒரே காரணம் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று காளிதாசன் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தான். தனக்குப் பல்வலி. நடராஜாவுக்குச் சம்பந்தி வீட்டு விசேஷம். அய்யாவுக்கு அவர் மனைவி பிச்சையம்மாளின் நெஞ்சுவலி.

கோளாறு அங்கேதான் பிறந்தது. அய்யாவு ஆபீஸ் வாசல் வரைக்கும் நெஞ்சுவலியோடுதான் போனார். உள்ளே போனதும் மனசு ஒப்பவில்லை. இல்லாத நோவை வாயால் சொன்னால் அது வீடு தேடி வந்துவிடும் என்று அவருக்கு நம்பிக்கை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பிச்சையம்மாளுக்கு அவர் செய்த நல்லது ஒன்றும் பெரிதாக இல்லை. நெஞ்சுவலியையாவது கொண்டுபோய்க் கொடுக்காமல் இருப்போம் என்று நினைத்தார்.

“புரட்டாசி வருதுல்ல தம்பி... காளி, நடா, நான் எல்லாம் பெடுவுக்கு மீன் பிடிக்கப் போறோம்” என்றார்.

சத்தியசீலன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தே விட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்த இடத்துக்கு அவரே வந்தார். முகமெல்லாம் பல்.

“அடப்பாவிகளா, என்னை விட்டுட்டா போறீங்க? பல்வலியாம், விசேஷமாம்! நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன்? மூணு பேருக்கும் லீவு போட்டாச்சு. வேன் எல்லாம் தேடாதீங்க. என் ஹைலக்ஸ்லயே போயிடலாம், அஞ்சு பேர் தாராளமா உக்காரலாம். தவளை நான் கொண்டாறேன். சோறு மட்டும் நீங்க பாத்துக்கங்க.”

அவர் போனதும் காளிதாசன் சோற்றை மூடி வைத்தான்.

“வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுட்டீங்களே மாமா!” என்றான் காளிதாசன்.

“அவ நல்லாருக்கணும்ல காளி...” என்றார் அய்யாவு. அதற்கு மேல் அவனால் அவரைத் திட்ட முடியவில்லை.

“விட்டுடலாம். மழைன்னு சொல்லிப் போகாம இருந்துடலாம்” என்றார் நடராஜா. அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதுதான் காளிதாசனுக்கு எரிச்சலாக இருந்தது.

“போறோம். அவர் என்ன, நாள் பூரா நம்ம கூடவே ஒட்டிக்கிட்டா இருப்பார்? எங்கயாச்சும் ஒரு வாய்ப்பு கிடைக்கும்.”

அன்று விடியும் முன்பே காளிதாசனின் மனைவி குணசுந்தரி எழுந்து சோறு ஆக்கி, சம்பாலும் முட்டையும் வைத்து ஐந்து பொட்டலம் கட்டினாள். அவளுக்கு விஷயம் தெரியும். ஐந்தாவது பொட்டலத்தைக் கட்டும்போது மட்டும் இழுத்து முடிச்சுப் போட்டாள்.

“அந்த ஆளுக்கும் நாந்தான் ஆக்கணுமா?”

“சத்தம் போடாத. கிளம்பற நேரம்.”

“போங்க, போய்ப் பேசிட்டாவது வாங்க. ராத்திரி புவனேசு பொண்டாட்டி இராசாத்தி அழுதுக்கிட்டு இருந்தா, சுவத்தைத் தாண்டி இங்க கேக்குது. புவனேசு பேசவே இல்ல. அதான் எனக்குப் பயமா இருக்கு.”

புவனேசன் வாசலில் காத்திருந்தான். இடது கையை ஜாக்கெட் பைக்குள் வைத்திருந்தான். கட்டு அவிழ்த்த பிறகு அந்தக் கையை யாரும் பார்க்க அவன் விட்டதில்லை. பழைய தூண்டில் ஒன்றை வலது அக்குளில் இடுக்கியிருந்தான். ஹைலக்ஸ் வந்து நின்றது. சத்தியசீலன் உள்ளேயிருந்து அவனைக் கண்டதும் ஒரு நொடி ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டார்.

“வாடா தம்பி, வா. நல்லதுதான். வீட்டிலயே கிடந்தா மனசு கெட்டுப் போயிடும்” என்றார்.

வழியெல்லாம் அவரே பேசிக்கொண்டு வந்தார். சீக்கில் கோப்பி குடித்தார்கள். அவரே காசு கொடுத்தார். நாமி தாண்டியதும் காடு இரண்டு பக்கமும் நெருங்கியது. பின் இருக்கையில் இரண்டு பேருக்கு நடுவே புவனேசன் தூண்டிலை முழங்காலுக்கிடையில் நிறுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஏதோ ஒரு வெளிச்சம் இருந்ததைக் காளிதாசன் பார்த்தான்.

பெடு ஏரி பனியோடு கிடந்தது. தண்ணீர் தேங்கியபோது மூழ்கிப்போன மரங்களின் உச்சி மட்டும் கறுப்பாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. படகுத் துறையில் அமிருல் லைஃப் ஜாக்கெட்டுகளை எடுத்துப் பலகையில் வரிசையாகப் போட்டார். நாலு. அவருக்கு நாலு பேர் என்றுதான் நாகூர் மீரான் போனில் சொல்லியிருந்தார். ஐந்து பேர் வந்து நிற்பதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சட்டம் அப்படி, போலீஸ் படகு வந்தால் தன் லைசன்ஸ் போய்விடும் என்று மலாயில் சொன்னார்.

சத்தியசீலன் குனிந்து முதல் ஜாக்கெட்டை எடுத்து மாட்டினார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. பெல்ட்டில் கட்டி வந்தால் முதல் கட்டியை எடுக்கிற மாதிரி எடுத்தார்.

“புவனேசு, நீ கரையிலயே இருந்துக்கோடா. படகு ஆடும், பிடிக்க ரெண்டு கை வேணும், விழுந்து கிழுந்து வச்சா யாரு பதில் சொல்றது? சோத்தையும் சாமானையும் பாத்துக்கோ. கொரங்கு வரும், கவனம்.”

“சரிண்ணே” என்றான் புவனேசன்.

நான் இருந்துக்கிறேன், அவன் வரட்டும் என்று சொல்லக் காளிதாசனுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குள் சத்தியசீலன் “ஏறு காளி, வெயில் வந்துடும்” என்றார். அவன் ஏறிவிட்டான். ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஏறியதே தெரிந்தது. பதினைந்து வருஷமாக அந்தக் குரல் ஏறு என்றால் ஏறியும் இறங்கு என்றால் இறங்கியும் பழகிவிட்ட உடம்பு. அவன் தன்னையே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. படகு திரும்பும்போது புவனேசன் சோற்றுப் பொட்டலங்களை ஒற்றைக் கையால் நிழலுக்கு நகர்த்திக்கொண்டிருந்தான்.

செத்த மரங்களுக்கு நடுவே அமிருல் இன்ஜினை அணைத்தார். தண்ணீர் படகின் அடியில் தட்டும் சத்தம் மட்டும்தான். பேசுவதற்கு இதைவிட நல்ல இடம் உலகத்தில் கிடையாது. நாலு பேரும் நாலு பக்கம் பார்த்துத் தூண்டில் வீசினார்கள்.

“அடுத்த வருஷம் ஃபேக்டரியை முழுசா கான்ட்ராக்டுக்கு விடப் போறாங்களாம்” என்றார் சத்தியசீலன், மிதவையைப் பார்த்துக்கொண்டே. “நம்ம ஆளுங்க எத்தனை பேரு மிஞ்சப் போறாங்களோ. நான்தான் மேனேஜர் கிட்ட அடிச்சுச் சொல்லிக்கிட்டிருக்கேன், நடராஜா, அய்யாவு, காளி... இவங்க பிரச்சினை பண்ணாத ஆளுங்க, இவங்கள வச்சுக்குங்கன்னு.”

அய்யாவு தூண்டிலை இழுத்து மறுபடி வீசினார். சத்தியசீலன் நிறுத்தவில்லை.

“எனக்கும் புள்ள குட்டி இருக்கு. எனக்கும் மேல ஆள் இருக்காங்க. புவனேசு மேல எனக்கு என்ன கோவமா? பாவம், சின்னப் பையன். ஆனா நடந்தது நடந்துபோச்சு.”

சொல்லி முடிப்பதற்குள் அவர் தூண்டில் வில்லாக வளைந்தது. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை, “அலாமாக்! அலாமாக்!” என்று கத்தியபடி நூலை விட்டும் இழுத்தும் மல்லுக்கட்டினார். மீன் மரத்தடிக்குள் புகப் பார்த்தது. வலையோடு குனிந்து அதைத் தூக்கியது காளிதாசன்தான். ஒரு முழங்கையை விட நீளம், கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட தோமான். படகின் அடித்தட்டில் அது அடித்துக்கொண்டதில் நாலு பேர் முகத்திலும் தண்ணீர் தெறித்தது. அய்யாவு தன்னை மறந்து கைதட்டினார். பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

மதியம் கரைக்கு வந்தபோது புவனேசன் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டித் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தான். பக்கத்து வாளியில் உள்ளங்கையகல மீன்கள் இரண்டு நீந்தின. தூண்டில் கட்டையைத் தொடைக்கு அடியில் கொடுத்து, வலது கையால் நூலைச் சுற்றிப் பிடித்திருக்கிறான்.

“ஒத்தக் கையில! பாருங்கடா இவனை!” என்று சத்தியசீலன் அவன் முதுகில் தட்டினார். அந்தப் பாராட்டு நிஜமாகவே பாராட்டுத்தான். புவனேசன் கூச்சத்தோடு சிரித்தான்.

சாப்பிட்டதும் சத்தியசீலன் துண்டை முகத்தில் போட்டு மரத்தடியில் படுத்தார். குறட்டை வந்தது. நடராஜா கை கழுவத் தண்ணீரோரம் போனார். காளிதாசன் பின்னாலேயே போனான். நழுவுவார் என்று நினைத்தான். அவர் நழுவவில்லை. கணுக்கால் தண்ணீரில் நின்றபடி திரும்பினார்.

“காளி, அவனைக் கரையில விட்டுட்டு வாயை மூடிக்கிட்டு ஏறினேனே, எனக்கு இன்னிக்கு சோறு எறங்கலடா. நான் வர்றேன். கயிறு இல்லன்னு சொல்லிடறேன்.”

“அண்ணே, வீடு...”

“கல்யாணத்த கோயில் மண்டபத்துல வச்சுக்கறேன். நீ கேக்காத. திரும்பத் திரும்பக் கேட்டா மனசு மாறிடும்.”

அய்யாவு தட்டைக் கழுவுகிற சாக்கில் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். தட்டு சுத்தமான பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“அந்த ராஃபியாவைக் கட்டினது நாந்தான். மண்டோர் கட்டச் சொன்னாரு, கட்டினேன். அதைச் சொல்லிடறேன்பா. பொய்யின்னாத்தான் எனக்கு வராது. இது நெசந்தானே.”

காளிதாசன் அவர் கையிலிருந்த தட்டை வாங்கித் தானும் ஒரு தரம் கழுவினான்.

கிளம்பும் முன் சத்தியசீலன் எழுந்து போட்டோ எடுக்க வேண்டும் என்றார். தோமானைத் தூக்கிக்கொண்டு இரண்டு படம் எடுத்துக்கொண்டார். பிறகு என்ன தோன்றியதோ, “புவனேசு, நீ வாடா. நீ பிடிச்சிக்க. மீனும் உனக்குத்தான், வீட்டுக்குக் கொண்டு போ” என்றார்.

புவனேசன் தயங்கினான். சத்தியசீலன் கேட்கவில்லை, மீனை அவன் மார்போடு வைத்துவிட்டார். வழுக்கிய மீனைத் தாங்க வேறு வழியில்லாமல் இடது கை பையிலிருந்து வெளியே வந்தது. விரல் இல்லாத இடம் இன்னும் சிவந்து, தோல் பளபளவென்று இருந்தது. எல்லாரும் ஒரு நொடி அதைப் பார்த்தார்கள். அவன் முகம் வெளிறிவிட்டது.

“அந்தக் கை தெரிய வேணாம்லா. பாக்க நல்லாருக்காது. காளி, கொஞ்சம் சரி பண்ணிவிடு” என்றார் சத்தியசீலன்.

காளிதாசன் முன்னால் போனான். அவனுக்கும் அந்தக் கூச்சத்திலிருந்து புவனேசனைக் காப்பாற்றினால் போதும் என்றிருந்தது. மீனின் வாலை ஒதுக்கி, அந்தக் கையை மெதுவாக மீனுக்கு அடியில் கொடுத்து, துடுப்பை இழுத்து மேலே மூடினான்.

“இப்ப நல்லாருக்கு. நடா, அய்யாவு அண்ணே, பக்கத்துல நில்லுங்க. ஏன் எழவு வீடு மாதிரி நிக்கறீங்க? சிரிங்கப்பா!”

நாலு பேரும் சிரித்தார்கள்.

ஏரிப் பக்கம் போனுக்கு லைன் கிடையாது. திரும்பும் வழியில் சீக் நெருங்கும்போதுதான் எல்லார் பையிலும் ஒரே நேரத்தில் சத்தம் கேட்டது. சத்தியசீலன் கரையிலேயே ஃபேக்டரி குரூப்பில் அனுப்பி வைத்த படம் இப்போது போய்ச் சேர்ந்திருந்தது. முன்னால் நடராஜா தூங்கிக்கொண்டிருந்தார். அய்யாவு கண்ணாடிக் கதவில் சாய்ந்திருந்தார். காளிதாசன் போனை எடுத்துப் பார்த்தான். படத்தில் புவனேசன் இரண்டு கையாலும் பெரிய தோமானைத் தூக்கி நின்றான். ஒரு குறையும் இல்லாத ஆள் மாதிரி இருந்தான். இந்தப் பக்கம் நடராஜா, அந்தப் பக்கம் அய்யாவு, பின்னால் அவனே.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே படத்துக்குக் கீழே மேனேஜர் மலாயில் எழுதியது வந்தது. கை நன்றாகக் குணமாகிவிட்டது தெரிகிறது, மகிழ்ச்சி. இவ்வளவு பெரிய மீனைத் தூக்குகிறவருக்கு இனி மருத்துவ விடுப்பு எதற்கு, நாளைக் காலை ஷிஃப்டுக்கு முதல் உருளைக்கே வரச் சொல்லுங்கள். இந்தப் படத்தை விசாரணைக்குத் தனியாக எடுத்து வைக்கவும். அதற்குக் கீழே ஆபீஸ் ஆட்களின் கட்டைவிரல்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன.

சத்தியசீலன் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு ஓட்டினார்.

“நம்ம போட்டோவாண்ணே? காட்டுங்க” என்றான் புவனேசன்.

காளிதாசன் போனைப் பைக்குள் போடப் போனான். அதற்குள் புவனேசன் வலது கையை நீட்டி வாங்கிக்கொண்டுவிட்டான். போனைத் தொடை மேல் வைத்து, படத்தை விரலால் தேய்த்துப் பெரிதாக்கினான். மீன் மட்டும் திரை முழுவதும் நிறைந்தது. துடுப்பு, வயிறு, அதற்கு அடியில் எதுவும் இல்லை. தன் முகத்துக்கு வந்தான். மறுபடி மீனின் அடிப்பக்கம் போய் நன்றாக உற்றுப் பார்த்தான்.

“நல்லவேளைண்ணே, அந்தக் கை தெரியவே இல்ல” என்று சிரித்தான்.